முட்டியை அளந்தவர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துலோன் நகரத்திலிருந்து என் மைத்துனர் போன் செய்தார். என் மனைவிக்கு அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊரில் ‘சொல்தா’ என்போமே, அந்த வகை. வலது முட்டியை மாற்றிக்கொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. குரலில் வலியை விடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

“ஆப்பரேஷன் நடுவுல முட்டிக்குள்ள ஒரு கப்த்தேரை வச்சுப் பாத்தாங்களாம் மச்சான். உள்பக்கம் எவ்வளவு அழுத்தம், வெளிப்பக்கம் எவ்வளவு அழுத்தம்னு டிவியில நம்பரா வந்துச்சாம். ரெண்டும் சமமாகற வரைக்கும் சரி பண்ணிட்டுத்தான் மூடினாங்களாம்.”

கப்த்தேர் என்றால் பிரெஞ்சில் சென்சார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்போ எனக்கு அளக்காமலா வச்சாங்க?”

அவளுக்கு இடது முட்டி மாற்றியது 2016-ல். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். புண் நன்றாக ஆறியது, காய்ச்சல் இல்லை, ஆறாவது வாரம் வாக்கரை விட்டுவிட்டாள். ஆனால் முட்டியின் வெளிப்பக்கம் கயிறு கட்டி இழுப்பது போல இருக்கிறது என்று அன்று சொன்னவள், இன்றும் சொல்கிறாள். மாடியிலிருந்து இறங்கும்போது அதிகம். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “படத்துல எல்லாம் அருமையா இருக்கும்மா” என்பார். படம் அருமையாகத்தான் இருந்தது. எனக்கே தெரிந்தது. இப்போது வலது முட்டியும் தேய்ந்து, அதையும் மாற்றச் சொல்லி இரண்டு வருடமாகிறது. அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள். அதனால்தான் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டது. பதில் தேடப் போய், நூற்றிச் சொச்சம் வருடக் கதைக்குள் விழுந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் உடற்கூறு பாடத்தையே பிரெஞ்சில் படித்தவன் நான். முழங்கால் சில்லுக்குத் தமிழில் என்ன பெயர் என்று தெரிவதற்கு முன்பே ‘ரொத்யூல்’ என்பது தெரியும். அந்தப் படிப்பு இப்போதுதான் உதவுகிறது.

முதலில் அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முட்டி என்பது கதவுக் கீல் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. தொடை எலும்பின் இரண்டு உருண்டை முனைகள் கீழ்க்கால் எலும்பின் தட்டையான தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது இருபக்கமும் உள்ள நார்கள்; டாக்டர்கள் லிகமென்ட் என்பார்கள். மடக்கும்போது எலும்பு உருளும், கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் திருகவும் செய்யும். நம் வயதுக்காரர்களுக்குக் கால் வில்லாக வளைகிறதே, அப்போது உள்பக்கம் தேய்ந்து அந்தப் பக்க நார் சுருங்கிவிடும். வெளிப்பக்க நார் தொய்ந்துபோகும். தேய்ந்த எலும்பை வெட்டி உலோகம் வைப்பது பாதி வேலை. இந்த இரண்டு நாரும் காலை நீட்டினாலும் மடக்கினாலும் சரியான இறுக்கத்தில் நிற்கும்படி செய்வது மீதிப் பாதி. இறுகினால் வலி, மடங்காது. தொய்ந்தால் நடக்கும்போது கால் நழுவும். எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும். நாரின் இறுக்கம் தெரியாது.

இந்தக் கதையின் முதல் ஆள் தெமிஸ்டோகிளிஸ் குளுக். கிரேக்கத் தளபதியின் பெயரை வைத்துக்கொண்ட இந்த டாக்டர், இன்றைய ருமேனியாவில் உள்ள யாஷி நகரத்தில் 1853-ல் பிறந்து பெர்லினில் வேலை பார்த்தவர். 1890-ல் பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்குக் காசநோயில் அழிந்துபோன முட்டியை எடுத்துவிட்டு, யானைத் தந்தத்தில் கடைந்த ஒரு கீலை வைத்தார். எலும்போடு ஒட்டுவதற்குப் பைன் மரப் பிசினும் நுரைக்கல் பொடியும் கலந்த ஒரு பசை வரை யோசித்து வைத்திருந்தார். நினைத்துப் பாருங்கள். பென்சிலின் கிடையாது, துருப்பிடிக்காத எஃகு கிடையாது, எக்ஸ்ரேயே இன்னும் ஐந்து வருடம் கழித்துத்தான் வரப்போகிறது. காசநோய்க் கிருமி இருந்த இடத்திலேயே வைத்ததால் சீழ் பிடித்தது. அதே வருடம் பெர்லினில் உலக மருத்துவ மாநாடு. குளுக் தன் வேலையை அங்கே சொல்ல நினைத்தார். அவருடைய பெரியவர், ஜெர்மன் அறுவை சிகிச்சையின் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மான், ஜெர்மனிக்கு அவமானம் என்று அதைத் தடுத்துவிட்டார். மேலதிகாரி ஒரு கோப்பை மூடினால் அது எத்தனை வருடம் மூடிக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கோப்பு ஐம்பது வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தது.

மறுபடி திறந்தபோதும் கீல்தான். 1950-களில் ஸ்வீடனில் வால்டியஸ், இங்கிலாந்தில் ஷியர்ஸ். 1970 வாக்கில் பாரிஸ் டாக்டர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு கீல் முட்டி செய்தார்கள். குழுவின் நீண்ட பெயரைச் சுருக்கி ‘கெபார்’ என்று வைத்தார்கள். பிரெஞ்சு படித்தவர்களுக்கு இதில் உள்ள குறும்பு புரியும்: எழுத்தில் ஒரு ‘த்’ சேர்த்தால் சிவிங்கிப்புலி. புலி மாதிரி ஓடலாம் என்று நோயாளியிடம் சொன்னார்களோ என்னவோ! கீலில் ஒரு வசதி இருந்தது. நார்களைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், கீலே பிடித்துக்கொள்ளும். ஆனால் முட்டி திருக நினைக்கும், கீல் விடாது. அந்தத் திருகல் எல்லாம் எலும்பும் உலோகமும் ஒட்டிய இடத்துக்குப் போகும். சில வருடத்தில் ஆட்டம் காணும், சீழ் பிடிக்கும். புலி நொண்ட ஆரம்பித்தது.

கீலை விட்டுவிட்டு, தேய்ந்த பரப்புக்கு மட்டும் மூடி போட்டால் என்ன? இடுப்பு மூட்டில் இங்கிலாந்தின் சார்ன்லி, உலோகம், பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், பல் டாக்டர்கள் வழியாக வந்த அக்ரிலிக் சிமெண்ட் மூன்றையும் சேர்த்து 1962-ல் வழியைக் காட்டிவிட்டார். அவரிடம் வேலை பழகிய கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் 1968-ல் அதை முட்டிக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து இரண்டு ஊர்களில் வேலை வேகமாக நடந்தது. ஒன்று லண்டன், மற்றொன்று நியூயார்க்.

லண்டனில் மைக்கேல் ஃபிரீமன் என்ற டாக்டரும் ஸ்வான்சன் என்ற எஞ்சினியரும் கைகோத்தார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் பெரிய திருப்பம் ஃபிரீமன்தான். கீல் இல்லாவிட்டால் நார்தான் முட்டியைப் பிடிக்க வேண்டும், ஆகவே நாரின் இறுக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று முறை வகுத்துச் சொன்னவர் அவர். எலும்பை வெட்டிய பின் காலை நீட்டினால் ஒரு இடைவெளி, மடக்கினால் ஒரு இடைவெளி. இரண்டும் ஒரே அளவு செவ்வகமாக இருக்க வேண்டும். அதைப் பார்க்கக் கனமறிந்த கட்டைகளையும், எலும்புகளை விரித்துப் பிடிக்கும் கருவியையும் கொண்டுவந்தார். மேசையின் காலுக்கடியில் அட்டை மடித்து வைத்து ஆட்டம் பார்ப்போமே, அதே சூட்சுமம்.

நியூயார்க்கில் ஜான் இன்சால் என்ற ஆங்கிலேயரும், பீட்டர் வாக்கர் என்ற எஞ்சினியரும், நம் நாட்டில் பிறந்து இந்தூரில் மருத்துவம் படித்த சித்தரஞ்சன் ராணாவத்தும் சேர்ந்து ஒரு முட்டியை உருவாக்கினார்கள். 1974-ல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் வைக்கப்படும் முட்டிகள் பெரும்பாலும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். ராணாவத் பெயர் உங்களுக்கு ஞாபகம் வரும். 2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் இடது முட்டி மாற்றியவர் அவர்தான். அடுத்த ஜூனில் வலது முட்டி. அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் கோப்பு நகர்ந்ததோ இல்லையோ, பிரதமர் முட்டியைப் பற்றிய பேச்சு நன்றாக நகர்ந்தது. “அவருக்கே செய்றாங்கன்னா பயமில்ல போல” என்று எத்தனை பேர் வீட்டில் தைரியம் பிறந்தது!

ஃபிரீமன், இன்சால் காலத்திலிருந்து கட்டை வைத்துப் பார்க்கும் முறை வந்துவிட்டது. ஆனால் கடைசியில் ‘இது போதும்’ என்று சொல்வது எது? டாக்டரின் கை. காலை இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு. மிருதங்கக்காரர் வாரை இழுத்துத் தட்டிப் பார்ப்பது போல. கைராசிக்காரர் என்று சொல்கிறோமே, அதில் பாதி இந்த விரலின் நிதானம்தான்.

1997 ஜனவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் தொமினிக் சரகக்லியா என்ற டாக்டர் உலகில் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வழிகாட்ட ஒரு முட்டியை மாற்றினார். தொடையிலும் காலிலும் சிறு விளக்குகளைப் பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரு கேமரா படிக்க, இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் ஒரே கோட்டில் வருகிறதா என்று திரையில் பார்த்தார்கள். பெரிய சாதனை. ஆனால் அது அளந்தது கோட்டை. இறுக்கத்தை அளக்க வேறு ஒரு வழியில் போக வேண்டியிருந்தது.

அந்த வழியின் ஆரம்பம் இடுப்பில். 1966-ல் ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் ரீடெல், இரண்டு நோயாளிகளுக்கு வைத்த இடுப்பு உலோகத்துக்குள், நெளிந்தால் மின்சாரத்தில் மாற்றம் காட்டும் மெல்லிய பட்டைகளை ஒட்டி வைத்தார். ஒயர் நுனியைத் தோலுக்கடியில் விட்டுத் தைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வெளியே எடுத்துக் கருவியோடு இணைத்து நடக்கச் சொல்லி அளந்தார். நோயாளிகளின் பொறுமையைத்தான் முதலில் வணங்க வேண்டும். முட்டிக்கு அது வர இன்னும் முப்பத்தெட்டு வருடம் ஆயிற்று. 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் மருத்துவ நிலையத்தில், டாரில் டி’லிமா, கிளிஃபோர்ட் கோல்வெல் குழுவினர் அழுத்தம் அளக்கும் முட்டியை ஒருவருக்குள் நிரந்தரமாக வைத்தார்கள். அவருக்கு வயது 80, எடை 67 கிலோ. உள்ளே பேட்டரி கிடையாது. காலைச் சுற்றி ஒரு கம்பிச் சுருளைக் கட்டினால் அதிலிருந்து மின்சாரம் உள்ளே போகும். ரேடியோ மூலம் எண்கள் வெளியே வரும். ஆறாவது வாரத்தில் அவர் சும்மா நடக்கும்போதே முட்டிமேல் விழுந்த பாரம் உடல் எடையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது.

பெர்லினில் சாரிட்டே ஆஸ்பத்திரியில் கியோர்க் பெர்க்மான் என்பவரின் குழு இதை இன்னும் விரிவாகச் செய்தது. குளுக்கின் வாயை அடைத்தாரே, அந்தப் பெர்க்மானின் பெயர்தான். ஆனால் இவர் வேறு. ஐந்து நோயாளிகளை வைத்து அவர்கள் 2010-ல் வெளியிட்ட அளவுகளை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உடல் எடையை 100 என்று வைத்தால், சமதரையில் நடக்கும்போது முட்டிமேல் 261. நாற்காலியிலிருந்து எழும்போது 246. மாடி ஏறும்போது 316. இறங்கும்போது 346. ஏறுவதைவிட இறங்குவது அதிகம்! இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “நான் சொன்னப்ப யாரும் நம்பல. கம்பி வச்சுப் பாத்தாத்தான் நம்புவாங்க போல” என்றாள்.

இனி மைத்துனரின் கப்த்தேர். இது உள்ளே தங்குவதில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆர்த்தோசென்சார் என்ற நிறுவனம் செய்த ‘வெராசென்ஸ்’தான் இதில் பேர்போனது. முட்டியில் இரண்டு உலோகத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் தகடு ஒன்று வரும். அதே அச்சில், உள்ளே சென்சார்கள் வைத்த ஒரு தற்காலிகத் தகட்டை முதலில் செருகுவார்கள். காலை நீட்டி, மடக்கிப் பார்க்கும்போது உள்பக்கம் எத்தனை பவுண்டு, வெளிப்பக்கம் எத்தனை பவுண்டு என்று கம்பியில்லாமல் திரைக்கு வரும். இறுகிய பக்கத்து நாரை ஊசிமுனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள், அல்லது எலும்பை இரண்டு மில்லிமீட்டர் சரிசெய்வார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 15 பவுண்டுக்குள், அதாவது ஏழு கிலோவுக்குள் வந்தால் சமம் என்று ஒரு கணக்கு. பிறகு தகட்டை எடுத்துவிட்டு நிஜத் தகட்டை வைத்து மூடிவிடுவார்கள். சென்சார் ஒருமுறைதான்; குப்பைக்குப் போய்விடும்.

இது வந்ததும் ஒரு சங்கடமான உண்மையும் வந்தது. விரலால் பார்த்து “சமம்” என்று அனுபவசாலி டாக்டர்கள் சொன்ன முட்டிகளில் சென்சாரை வைத்தால், பல நேரம் இரண்டும் ஒத்துப்போகவில்லை. 2014-ல் அமெரிக்க டாக்டர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது, சமமாக அமைந்த முட்டிக்காரர்களில் நூற்றுக்கு 97 பேர் திருப்தி என்றார்கள். சமமாகாதவர்களில் 82 பேர். முட்டி மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இல்லை என்று கனடாவில் ஏற்கெனவே ஒரு பெரிய கணக்கு இருந்தது. அந்த ஐந்தில் ஒருத்திதான் என் வீட்டில் இருக்கிறாள். இதைப் படித்த இரவு, சென்சார் இல்லாததால்தான் அவளுக்கு இப்படி ஆனது என்று நிச்சயம் செய்துகொண்டு, மனசுக்குள் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் மேலும் படித்தேன். ஆஸ்திரேலியாவில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சென்சார் பார்த்தும் மறு பாதிக்கு விரலால் பார்த்தும் செய்து, இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். சென்சார் வைத்தவர்களுக்கு எண்கள் நன்றாகச் சமமாகியிருந்தன. ஆனால் வலியிலும் நடையிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எது சரியான இறுக்கம் என்பதே ஆளுக்கு ஆள் மாறலாம் என்கிறார்கள். பிறவியிலேயே நம் முட்டியின் இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் இருப்பதில்லையாம். நான் கட்டட வேலைக் கணக்குப் பார்க்கும் பிரிவில் பல வருடம் இருந்தவன். ‘எம் புக்’ என்று அளவுப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் அளவு ஏறாமல் பில் பாஸாகாது. எம் புக்கில் அங்குல சுத்தமாக இருந்து, சுவர் மட்டும் அடுத்த மழைக்குச் சாய்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அதற்காக எம் புக் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாத காலத்தில் எது ஏன் சாய்ந்தது என்று கேட்கக்கூட வழியில்லை.

2021-ல் இன்னொன்றும் வந்துவிட்டது. உள்ளேயே தங்கி, தினம் எத்தனை அடி நடந்தார், எவ்வளவு வேகம் என்று எண்ணி, ராத்திரி வீட்டில் உள்ள ஒரு பெட்டி வழியாக அனுப்பும் முட்டி. அமெரிக்க அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. அது அழுத்தத்தை அளப்பதில்லை, நடையைத்தான் அளக்கிறது. பிசியோதெரபி செய்தேன் என்று டாக்டரிடம் பொய் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டிக் கருவிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண ரகம், வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. எங்களுக்கு ஒரு வருடம் முந்திவிட்டது. அந்த பில்லை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவளை வேறு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். நாற்பது வயதுதான் இருக்கும். என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சென்சார் பற்றிக் கேட்டேன். “எங்ககிட்ட அது இல்ல சார். நானும் கையாலதான் பார்ப்பேன்” என்றார், மழுப்பாமல். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். “இடது முட்டி எப்படி இருக்கும்மா? நீங்களே சொல்லுங்க.” அவள் கயிறு கதையைச் சொன்னாள். எந்த இடம், எந்தப் படி, எத்தனை மடக்கினால் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தன் விரலை வைத்து, காலை நீட்டி ஒரு தடவை, பாதி மடக்கி ஒரு தடவை, முழுக்க மடக்கி ஒரு தடவை பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். “பாதி மடக்கினா வெளிப்பக்கம் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு” என்றார். இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒருவர் அதைச் சொல்கிறார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தள்ளிப் பிடித்தபடி ஒரு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். இடது முட்டியை இப்போது தொட வேண்டாம், வலது முட்டியைச் செய்யும்போது இதை மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று சீட்டில் எழுதியும் வைத்தார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது, “நாள் கேட்டுட்டு வாங்க” என்றாள். அடுத்த மாதம் 14-ம் தேதி கொடுத்திருக்கிறார். பரணில் கிடந்த வாக்கரை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். அதன் ரப்பர் அடிக்கட்டைகள் இரண்டு தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும்.